இரண்டு மானிட்டர் மாட்டுவது எப்படி: மேசையில் இரண்டு, உள்ளே ஒன்று

இரண்டாவது மானிட்டர் மாட்டுவது சின்ன வேலைதான். கேபிளைச் செருகினால் படம் வந்துவிடும். தொல்லை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மவுஸ் நடுவில் எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கும், இடது பக்கம் இருக்கும் திரைக்குப் போக வலது பக்கம் நகர்த்த வேண்டியிருக்கும், ஒரு விண்டோவை இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்கு இழுத்தால் திடீரென்று அது ஊதிப் பெரிதாகும், மூடாமல் விட்ட புரோகிராம் எங்கே போனதென்றே தெரியாது. இதெல்லாம் சேர்ந்து வெறுத்துப்போய் பழையபடி ஒரே திரைக்குத் திரும்பியவர்கள் நிறைய பேர். அவர்களுக்காகவும், இன்னும் மாட்டாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் சரியாக அமைத்த இரண்டு திரைக்குப் பழகியவர்கள் லேசில் பழையதற்குத் திரும்ப மாட்டார்கள்.

மேலே சொன்ன எல்லாத் தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: கம்ப்யூட்டருக்கு உங்கள் மேசை தெரியாது. எந்த மானிட்டர் இடது பக்கம் இருக்கிறது, எது நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அது இடம் பார்ப்பதெல்லாம் பிக்சல் கணக்கில்தான், அதாவது திரையில் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளின் கணக்கில்.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். கேபிளும் செட்டிங்ஸும் அதற்குப் பிறகு சுலபம்.

கம்ப்யூட்டர் உள்ளே இரண்டு டெஸ்க்டாப் வைத்துக்கொள்வதில்லை. கட்டம் போட்ட ஒரே பெரிய தாள்தான் இருக்கிறது, ஒவ்வொரு மானிட்டரும் அந்தத் தாளின் ஒரு பகுதியைக் காட்டுகிறது. விண்டோஸில் முதன்மைத் திரையின் மேல் இடது மூலைதான் அந்தத் தாளின் பூஜ்யப் புள்ளி. 1920×1080 அளவுள்ள (குறுக்கே 1920 பிக்சல், நெடுக்கே 1080) ஒரு மானிட்டர் முதன்மையாக இருந்தால் அது குறுக்குவாட்டில் 0 முதல் 1919 வரை. அதே அளவில் இன்னொன்றை வலது பக்கம் வைத்ததாகச் சொன்னால் அது 1920-இல் தொடங்கி 3839 வரை போகும். இடது பக்கம் என்று சொன்னால் மைனஸ் 1920-இல் தொடங்கி மைனஸ் 1 வரை. மவுஸை வலது பக்கம் நகர்த்துவது என்றால் இந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது, அவ்வளவுதான். மானிட்டர் மேசையில் இடது பக்கம் இருந்து, தாளில் வலது பக்கம் பதிவாகியிருந்தால் மவுஸ் எதிர்ப்பக்கமாகத்தான் போகும், அதன் மேல் தவறில்லை.

இது புது ஏற்பாடும் இல்லை. 1987-இல் வந்த மாக்கின்டோஷ் II-இலேயே கூடுதல் கார்டுகள் மாட்டி ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை ஒரே டெஸ்க்டாப்பாக ஓட்ட முடிந்தது, விண்டோஸ் பக்கம் அது விண்டோஸ் 98-இல் வந்தது. அடிப்படை யோசனை அன்று முதல் மாறவில்லை.

மவுஸ் முட்டும் இடம்

இரண்டும் ஒரே மாதிரி மானிட்டராக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வீட்டில் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை, புதிதாக வாங்கியது ஒன்று, பழையது ஒன்று என்றுதான் இருக்கும். இடது பக்கம் 27 அங்குலத்தில் 2560×1440 மானிட்டர், வலது பக்கம் 24 அங்குலத்தில் 1920×1080 மானிட்டர் என்று வைத்துக்கொள்வோம். செட்டிங்ஸில் இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தால், இடது திரையின் மேலிருந்து 1080 வரிசைகளுக்கு மட்டும்தான் வலது பக்கம் துணை இருக்கிறது. மீதி 360 வரிசைகளுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, தாளில் அது வெற்றிடம். 27 அங்குலத் திரையில் அந்த 360 வரிசை கீழ்ப்பக்கம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வரும். கீழே டாஸ்க்பாரில் இருக்கும் மவுஸை வலது பக்கம் தள்ளினால் சுவரில் மோதியது போல நிற்பது இதனால்தான். மவுஸ் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

சரிசெய்வது எப்படி? விண்டோஸில் டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறந்தால் 1, 2 என்று எண் போட்ட பெட்டிகள் தெரியும். அந்தப் பெட்டிகள் வெறும் படம் இல்லை, இழுத்து நகர்த்தலாம். முதலில் ஐடென்டிஃபை பட்டனை அழுத்தினால் எந்த எண் எந்த மானிட்டர் என்று திரையிலேயே பெரிதாகக் காட்டும். மேசையில் எப்படி நிற்கிறதோ அப்படியே பெட்டிகளை இடம் மாற்றி அப்ளை கொடுத்துவிட்டு, மவுஸை இரண்டு திரையும் சந்திக்கும் விளிம்பின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய் மெதுவாகக் கடத்திப் பாருங்கள். வலது திரைக்குள் நுழையும்போது கர்சர் நீங்கள் எதிர்பார்த்த உயரத்துக்குக் கீழே இறங்கித் தோன்றினால் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கீழே இழுங்கள், ஏறித் தோன்றினால் மேலே. மறுபடி அப்ளை, மறுபடி கடத்திப் பார்த்தல். இதற்குச் சில நிமிடம் செலவழிப்பது வீண் இல்லை, ஒரு நாளில் எத்தனை தடவை அந்த விளிம்பைக் கடக்கப் போகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும் அளவு வேறுபட்ட இரண்டு மானிட்டர்களில் மேல், நடு, கீழ் என்று எல்லா உயரத்திலும் கர்சர் நேராகக் கடக்கும்படி செய்யவே முடியாது. மேலே சொன்ன உதாரணத்தில் பெரிய திரையின் உயரம் ஏறக்குறைய 34 செ.மீ., சின்னதன் உயரம் 30 செ.மீ. மேசையில் வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர்தான், பிக்சலிலோ கால்பங்கு வித்தியாசம். எனவே நீங்கள் அதிகம் கடக்கும் உயரம் எதுவோ அங்கே நேராக இருக்கும்படி வைத்துவிட்டு மற்ற இடத்தை விட்டுவிடலாம். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் 'ஈஸ் கர்சர் மூவ்மென்ட்' என்று தொடங்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் வெற்றிடத்தில் முட்டும்போது கர்சர் நிற்காமல் பக்கத்துத் திரைக்குத் தாவிவிடும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ், அதில் அரேஞ்ச். இழுக்கும் வேலை அதேதான். லினக்ஸில் க்னோம், கேடிஇ இரண்டிலும் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இதே பெட்டிகள்தான்.

முதன்மைத் திரை எது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் பெட்டியைத் தேர்ந்தெடுத்து 'மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே' டிக் செய்தால் போதும், மேக்கில் அந்தத் திரையின் 'யூஸ் ஆஸ்' மெனுவில் மெயின் டிஸ்ப்ளே. நோட்டிஃபிகேஷன், பல கேம்கள் எல்லாம் பெரும்பாலும் முதன்மைத் திரையைத் தேடித்தான் போகும், எனவே நேர் எதிரே இருப்பதை முதன்மையாக வையுங்கள்.

விண்டோ ஏன் ஊதுகிறது

இதுவும் அதே கதைதான், கம்ப்யூட்டருக்குச் சென்டிமீட்டர் கணக்கு முக்கியமில்லை, பிக்சல்தான் முக்கியம். 24 அங்குல 1080 திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 பிக்சல், 27 அங்குல 4கே (3840×2160) திரையில் ஓர் அங்குலத்துக்கு 163. எனவே 184 பிக்சல் அகலமுள்ள ஒரு பட்டன் முதல் திரையில் 5 செ.மீ. இருந்தால் இரண்டாவதில் 3 செ.மீ.கூட வராது. இதைச் சமன் செய்யத்தான் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எழுத்து, பட்டன் அளவை மாற்றும் ஸ்கேல் என்ற தேர்வு. எந்தச் சதவீதம் வைப்பது என்று குழம்ப வேண்டாம், பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் போதும்: 163-ஐ 92-ஆல் வகுத்தால் 1.77, ஆக 4கே திரைக்கு 175 சதவீதம், மற்றதற்கு 100. அப்படி வைத்தால் எழுத்து இரண்டிலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும்.

ரெசல்யூஷனை, அதாவது திரை காட்டும் பிக்சல் எண்ணிக்கையைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவது சிலர் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். 4கே திரையை 1080-க்கு இறக்கினால் எழுத்து பெரிதாகும், ஆனால் அந்தத் திரைக்குக் கொடுத்த காசெல்லாம் மங்கலான எழுத்தாகப் போய்விடும். ரெசல்யூஷன் எப்போதும் 'ரெகமண்டட்' என்று காட்டுவதிலேயே இருக்கட்டும், அளவை ஸ்கேலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வேறு வேறு ஸ்கேல் வைத்த இரண்டு திரைக்கு நடுவே ஒரு விண்டோவை இழுக்கும்போது, அதன் பெரும்பகுதி எந்தத் திரைக்குப் போகிறதோ அந்தத் திரையின் ஸ்கேலுக்கு அது மாறும். அந்த நொடியில்தான் பட்டென்று பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிறது. பழைய புரோகிராம்கள் சிலவற்றுக்கு இந்த மாற்றம் தெரியாது, அவை புதுத் திரையில் மங்கலாகத் தெரியும். மூடிவிட்டு அந்தத் திரையிலேயே மறுபடி திறந்து பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். லினக்ஸில் பழைய எக்ஸ்11 அமைப்பு திரைக்கொரு ஸ்கேல் வைப்பதில் திணறும், அதற்குப் பதிலாக வந்த வேலண்ட் அதைவிட நன்றாகக் கையாளும்.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் என் அபிப்பிராயம் இது: ஏற்கெனவே இருப்பதைவிடச் சிறந்த மானிட்டரைத் தேடுவதைவிட, அதே அங்குல அளவும் அதே பிக்சல் அடர்த்தியும் உள்ளதைத் தேடுங்கள். 24 அங்குல 1080 ஒன்று இருந்தால் இன்னொரு 24 அங்குல 1080. மேலே எழுதிய பாதித் தொல்லை பிறக்கவே பிறக்காது.

இனி கம்ப்யூட்டரின் பின்பக்கம்

எந்த ஓட்டையில் செருகுவது என்பதுதான் முதலில் தடுமாறும் இடம். மேசைக் கம்ப்யூட்டரின் பின்புறத்தில் படம் வெளிவரும் போர்ட்கள் இரண்டு இடத்தில் இருக்கலாம். யூஎஸ்பி, இயர்போன் துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் போர்ட். அதற்குக் கீழே தனியாக, பெரும்பாலும் குறுக்குவாட்டில் ஒரு வரிசையாக இருப்பது கிராபிக்ஸ் கார்டின் போர்ட். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் எல்லா மானிட்டரையும் கார்டிலேயே செருகுங்கள். ஒன்றைக் கார்டிலும் ஒன்றை மதர்போர்டிலும் செருகிவிட்டு ஒரு திரையில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வருவதாகச் சொல்பவர்கள் ஏராளம். தனிக் கார்டு இருக்கும்போது பல கம்ப்யூட்டர்கள் மதர்போர்டின் படத்தைத் தாமாகவே நிறுத்திவிடும். பயாஸில் (கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது திறக்கும் அமைப்பு மெனுவில்) போய் உள்ளமைந்த கிராபிக்ஸை இயக்கினால் அதுவும் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருந்தால்தான் அதுவும் நடக்கும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டில் போர்ட் இருந்தாலும் படம் வராது.

எத்தனை மானிட்டர் வரை மாட்டலாம்? இப்போதைய தனிக் கார்டுகளில் பெரும்பாலும் நான்கு வரை. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் என்றால் பொதுவாக மூன்று அல்லது நான்கு. போர்ட்களின் எண்ணிக்கையும் ஒரே நேரத்தில் ஓடும் திரைகளின் எண்ணிக்கையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது, எனவே மூன்றாவது வாங்கும் முன் உங்கள் மாடலின் விவரக் குறிப்பைப் பார்த்துவிடுங்கள். ஆப்பிள் லேப்டாப்பில் இது இன்னும் முக்கியம். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் நேரடியாக ஏற்கும். எம்3 மேக்புக் ஏர் மூடியை மூடி வைத்தால் இரண்டு ஏற்கும், எம்4-இல் மூடியைத் திறந்து வைத்தே இரண்டு மாட்டலாம்.

போர்ட் வகைகளைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் உள்ளே சரிந்திருப்பது எச்டிஎம்ஐ. ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியது போல இருப்பது டிஸ்ப்ளேபோர்ட். மூன்று வரிசைத் துளையும் இரண்டு பக்கம் ஸ்க்ரூவும் இருப்பது விஜிஏ. அதுவும் 1987-இல் வந்ததுதான், அனலாக் சிக்னல் என்பதால் எழுத்து லேசாகக் கலங்கித் தெரியும், வேறு வழி இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளை நிறத்தில் பெரிதாக, நிறைய துளைகளுடன் இருந்தால் டிவிஐ, பழைய மானிட்டர் ஒன்றை இரண்டாவதாக வைக்க அது தாராளமாகப் போதும். ஒரு மானிட்டர் எச்டிஎம்ஐயிலும் இன்னொன்று டிஸ்ப்ளேபோர்ட்டிலும் இருந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒரே தாளைத்தான் காட்டப் போகின்றன.

ஆனால் ஒரே வடிவ எச்டிஎம்ஐ என்றாலும் எல்லாம் ஒரே திறன் இல்லை, இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 4கே திரையில் 3840×2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் 24 பிட் நிறம், படம் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,190 கோடி பிட்டுக்கு மேல் வருகிறது. எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்தத் திறனே 1,020 கோடிதான், அதிலும் ஒரு பகுதி சிக்னலைப் பத்திரமாக அனுப்புவதற்கே போய்விடும். எனவே பழைய போர்ட்டில் 4கே மானிட்டரைச் செருகினால் படம் வரும், ஆனால் நொடிக்கு 30 தடவைதான். மவுஸை நகர்த்தினாலே தெரியும், கர்சர் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பது போல வரும். எச்டிஎம்ஐ 2.0-க்கு 1,800 கோடி, அதில் 4கே 60 ஓடும், 2.1-இல் 4கே 120-உம் ஓடும். டிஸ்ப்ளேபோர்ட்டில் 2010 வாக்கில் வந்த 1.2 பதிப்பே 4கே 60-ஐத் தாங்கும். கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றில் எது குறைந்த திறனோ அதுதான் முடிவு செய்யும். ஆக, 4கே திரை 30-இல் நின்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அடுத்து மானிட்டரின் வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நீக்கி மறுபடி போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அடாப்டர் விஷயத்தில் பணம் வீணாகும் இடம் இரண்டு. ஒன்று, திசை. டிஸ்ப்ளேபோர்ட் கம்ப்யூட்டரிலும் எச்டிஎம்ஐ மானிட்டரிலும் என்றால் சாதாரணக் கேபிளே போதும், ஏனென்றால் பெரும்பாலான டிஸ்ப்ளேபோர்ட்கள் எச்டிஎம்ஐ சிக்னலையும் தாமே அனுப்பும். எதிர்த்திசையில், அதாவது எச்டிஎம்ஐ கம்ப்யூட்டரில், டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரில் என்றால் அந்தக் கேபிள் வேலைக்கு ஆகாது, சிக்னலை மாற்றும் சிப் உள்ள, பெரும்பாலும் மின்சாரத்துக்கு யூஎஸ்பி வாலும் வைத்திருக்கும் ஆக்டிவ் அடாப்டர் வேண்டும். இரண்டு, ஸ்ப்ளிட்டர். ஒரு எச்டிஎம்ஐயை இரண்டாகப் பிரிக்கும் பெட்டி இரண்டு மானிட்டரிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். கம்ப்யூட்டருக்கு அங்கே ஒரு மானிட்டர் இருப்பதாகத்தான் தெரியும், தாளில் புது இடம் சேராது. டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் எம்எஸ்டி ஹப் என்று ஒன்று இருக்கிறது, அது நிஜமாகவே ஒரு போர்ட்டிலிருந்து தனித்தனித் திரைகளைக் கொடுக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் அது ஓடும், மேக்கில் அந்த ஹப்பை மாட்டினாலும் ஒரே படம்தான் இரண்டிலும் வரும்.

லேப்டாப்பில் இருக்கும் யூஎஸ்பி-சி போர்ட்டையும் நம்பி ஏமாற வேண்டாம். அதே வடிவ போர்ட் ஒன்றில் படம் வரும், இன்னொன்றில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட்டின் குறியோ இருந்தால் படம் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். குறி எதுவும் இல்லையென்றால் மாடலின் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று தேடுங்கள். அதுவும் இல்லையா, அப்போது டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் (லேப்டாப்பில் செருகிக் கூடுதல் போர்ட்கள் தரும் பெட்டி) ஒன்று வாங்கலாம். அது படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி வழியாகவே அனுப்பும், அதற்கென்று டிரைவர் போட வேண்டும். எழுதுவது, படிப்பது, எக்செல், மெயில் எல்லாவற்றுக்கும் நன்றாக ஓடும், வேகமான கேமுக்குச் சரிவராது. ஒரே மானிட்டருக்கு மேல் ஏற்காத மேக்புக்கில் இரண்டாவதைச் சேர்க்கவும் பலர் இந்த வழியில்தான் போகிறார்கள்.

செருகிய பிறகு

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களைக் கம்ப்யூட்டர் ஓடும்போதே செருகலாம். படம் வரவில்லை என்றால் மானிட்டரின் கீழேயோ பின்னாலேயோ இருக்கும் பட்டனை அழுத்தி, எந்த போர்ட்டில் செருகினீர்களோ அதே இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்துவிட்டு கேபிளைக் குறை சொல்வது சகஜம். இரண்டு திரையிலும் ஒரே படம் வந்தால் விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு பி அழுத்துங்கள். வரும் பட்டியலில் டூப்ளிகேட் என்று இருக்கும், அதை எக்ஸ்டெண்ட் என்று மாற்ற வேண்டும். தாளை நீட்டுவது அந்த எக்ஸ்டெண்ட்தான்.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பகுதிக்கும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கியவர்கள் பலர் அது 60-இலேயே ஓடிக்கொண்டிருப்பதை மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. ஒன்று 144-லும் இன்னொன்று 60-லும் ஓடலாம், தவறில்லை.

பழைய டிவியை இரண்டாவது திரையாக வைப்பவர்கள் கவனிக்க: ஓரங்கள் வெட்டுப்பட்டு டாஸ்க்பாரே பாதி மறைந்தால் அது ஓவர்ஸ்கேன். கம்ப்யூட்டரில் தேடாதீர்கள், டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' மாதிரி ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்தால் டிவியில் பிசி மோட் அல்லது கேம் மோட் போட்டுப் பாருங்கள்.

மேசையில் வைக்கும் விதத்தை நிறைய பேர் கண்டுகொள்வதே இல்லை, கழுத்து வலி வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். பெரும்பாலான நேரம் ஒரே திரையைப் பார்ப்பவர் என்றால் அது உங்கள் மூக்குக்கு நேராக இருக்கட்டும், மற்றது பக்கத்தில் உங்களை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும். இரண்டையும் சரிபாதி பார்ப்பவர் என்றால் மட்டும் இரண்டும் சேரும் கோடு நடுவில் வரலாம். மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, தூரம் கையை நீட்டினால் விரல் நுனி தொடும் அளவு. உயரம் ஒத்துவராவிட்டால் மானிட்டர் ஆர்ம் நல்ல தீர்வு, வாங்கும் முன் மானிட்டரின் பின்னால் நான்கு ஸ்க்ரூ துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். துளைகளுக்கு இடையே 75 அல்லது 100 மில்லிமீட்டர் இருந்தால் வீசா தரம், பெரும்பாலான ஆர்ம்கள் பொருந்தும். எடை வரம்பையும் பார்க்க வேண்டும்.

நீளமான கட்டுரை படிப்பவர்களும் புரோகிராம் எழுதுபவர்களும் இரண்டாவது மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துப் பார்க்கலாம், ஓரியண்டேஷனில் போர்ட்ரெய்ட் என்று மாற்றினால் போதும். ஆனால் அது ஐபிஎஸ் வகைத் திரையாக இருக்கட்டும். டிஎன் வகைத் திரையைத் திருப்பினால் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் நிறம் வேறு வேறாகத் தெரிந்து எரிச்சலூட்டும்.

காணாமல் போகும் விண்டோக்கள்

கடைசியாக, மூடாமல் விட்ட புரோகிராம் எங்கே போகிறது என்ற கேள்வி. இதற்கும் தாளைத்தான் பார்க்க வேண்டும். சில புரோகிராம்கள் தாம் கடைசியாக நின்ற இடத்தை எண்ணாக நினைவில் வைத்திருக்கும். வலது மானிட்டரைக் கழற்றிய பிறகும் ஒரு புரோகிராம் தன் இடம் 2500 என்று நினைத்துக்கொண்டு அங்கேயே போய்த் திறந்தால் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. டாஸ்க்பாரில் அதைக் கிளிக் செய்துவிட்டு விண்டோஸ் கீ, ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்துங்கள், விண்டோ அடுத்த திரைக்கு மொத்தமாகத் தாவும். சாதாரண நாளிலும் விண்டோவை மவுஸால் இழுப்பதைவிட இது வேகம். ஒரே திரைதான் இருக்கிறது, இந்தக் கீ எடுபடவில்லை என்றால் ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, அடுத்து எம் அழுத்தி, ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மவுஸை அசையுங்கள். விண்டோ கர்சரோடு ஒட்டிக்கொண்டு வரும், வேண்டிய இடத்தில் கிளிக் செய்து விட்டுவிடலாம். மானிட்டரைக் கழற்றாதபோதும் இதே தொல்லை வரலாம். டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கும் மானிட்டரை அதன் பட்டனால் அணைத்தாலே பல நேரம் அதைக் கழற்றிவிட்டதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், அங்கிருந்த விண்டோக்கள் எல்லாம் மிச்சமிருக்கும் திரையில் வந்து குவியும். விண்டோஸ் 11-இல் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் 'ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ்' என்று தொடங்கும் தேர்வை டிக் செய்து வைத்தால் மானிட்டர் மறுபடி வந்ததும் பெரும்பாலும் அவை பழைய இடத்துக்கே போய் உட்காரும். லேப்டாப்பை மூடி வைத்து வெளித் திரையில் மட்டும் வேலை செய்பவர்கள் பவர் செட்டிங்ஸில் மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூடிய உடனே லேப்டாப் தூங்கிவிடும், வெளித் திரையும் அதோடு அணையும்.